புதைத்தவர் யார்?

முன்னுரை

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் முளையில் தெரிந்த பயிர்கள் எல்லாம் விளைந்தனவா என்று கேட்டால், இல்லை என்றே விடை வரும். கலை, கல்வி, விளையாட்டு ஆகிய எத்துறையை எடுத்துக்கொண்டாலும், இளமையில் கண்டோரை வியக்க வைத்துப் பின்னர் இருந்த இடம் தெரியாமல் மறைந்தவர் பலர். கால்பந்தில் இத்தகையோர் மிகுதி. "அவனைப்போல் ஆடியவன் இல்லை, என்ன பயன், வீணாகிவிட்டான்" என்று பெரியவர்கள் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். வீணாயினர் என்பது உண்மை. வீணாக்கியவர் யார் என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தலைவர் ஒருவர் பயணம் புறப்படுமுன் தம் பணியாளருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைக் கொடுத்துச் செல்கிறார். முதல் இருவரும் அவற்றைப் பெருக்குகின்றனர். மூன்றாமவன் அஞ்சி, தன் ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவிடுகிறான். தாலந்து என்பது உண்மையில் ஒரு நிறையின் பெயர். அவ்வளவு வெள்ளி, ஒரு கூலியாளின் பல ஆண்டு ஊதியத்திற்குச் சமம். இந்த உவமையின் காரணமாகவே, பிற்காலத்தில் ஆங்கிலத்தில் இயற்கையான திறமைக்கே அச்சொல் பெயராயிற்று. ஆகவே திறமையைப் பற்றிப் பேசும்போது இவ்வுவமையைத் துணைக்கு அழைப்பது பொருத்தமே.

உவமையில் புதைத்தவன் யார் என்பதில் ஐயமில்லை. கால்பந்து வரலாற்றிலோ அது அவ்வளவு எளிதன்று.

தாமே புதைத்தவர்கள்

முதலில், தம் திறமையைத் தாமே அழித்துக்கொண்டவர்களைக் காண்போம். இவர்களுள் முதலாமவராக எல்லோரும் சுட்டுவது ஜார்ஜ் பெஸ்ட் என்பவரை. 1946-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த இவர், 17 வயதிலேயே மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக ஆடினார். 1968-இல் அவ்வணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். அதே ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

பணமும் புகழும் ஒருசேர வந்தன. குடிப்பழக்கமும் கூடவே வந்தது. பயிற்சிக்கு வராத நாள்கள் பெருகின. 1974-இல், 27 வயதில், அந்தப் பெரும் அணியை விட்டு நீங்கினார். பிற ஆட்டக்காரர்கள் முழு வலிமையோடு ஆடத் தொடங்கும் வயது அது. பிறகு பல சிறிய அணிகளில் ஆடினாலும் பழைய நிலையை எட்டவில்லை. கல்லீரல் பழுதாகி மாற்று அறுவைச் சிகிச்சை செய்தும், 2005-இல் 59-ஆம் வயதில் காலமானார். இவர் தம் தாலந்தைத் தாமே புதைத்தார் என்று கூறுவது தவறாகாது. எனினும் இவர் வாழ்விலும் இன்னொரு செய்தி உண்டு. சிறிய நாடாகிய வட அயர்லாந்து, இவர் ஆடிய ஆண்டுகளில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே உலகின் மிகப்பெரிய மேடையை இவர் ஒருமுறைகூட மிதிக்கவில்லை. அது அவர் குற்றமன்று.

அவசரம் புதைத்தவை

இரண்டாமவர் ஃப்ரெடி அடு. 1989-இல் கானா நாட்டில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவில் குடியேறியவர். 14 வயதில் வாஷிங்டன் நகரின் டி.சி. யுனைடெட் அணியில் ஒப்பந்தமாகி, 2004-இல் பெரியவர்களோடு ஆடத் தொடங்கினார். நம்மைவிட ஒரு வயது இளைய சிறுவன்! உடனே அவரை மாமேதை பெலேயோடு ஒப்பிட்டனர். விளம்பரங்களில் இருவரையும் சேர்த்தே காட்டினர். 2007-இல் போர்ச்சுகல் நாட்டின் பென்ஃபிகா அணிக்குச் சென்றார். அங்கு நிலைக்கவில்லை. பின்னர்ப் பல நாடுகளில் பல அணிகள் மாறினார். எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை.

இவரைச் சோம்பேறி என்று கூற நமக்கு மனம் வரவில்லை. முளைவிட்ட செடியை நாள்தோறும் பிடுங்கி வேர் பார்த்தால் அது எவ்வாறு வளரும்? பிள்ளைப் பருவத்தில் மற்றவரைவிட முந்தி வளர்ந்த உடல், சிறுவர் ஆட்டத்தில் பெரிய வெற்றியைத் தரும். நான்கைந்து ஆண்டுகளில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது பழகிய நுட்பமும் பொறுமையுமே கைகொடுக்கும். இதைச் சொல்லித்தர வேண்டிய பெரியவர்கள் அவருக்கு முன்னே புகைப்படக் கருவிகளை நிறுத்தினார்கள்.

உடல் தந்த தடை

மூன்றாவது வகையினர், காயத்தால் வீழ்ந்தவர்கள். இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசம்பர் 26 அன்று எதிரணிக் கோல்காப்பாளரோடு மோதி முழங்கால் சிதைந்தது. அவருடைய ஆட்ட வாழ்வு ஏறத்தாழ அன்றோடு முடிந்தது. அவர் மனம் தளரவில்லை, பயிற்சியாளராக மாறினார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்னும் நடுத்தர அணியை 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வெல்லச் செய்தார். ஒரு வாயில் அடைபட்டால் இன்னொரு வாயில் திறக்கும் என்பதற்கு இவர் சான்று.

இனி நம் சென்னைக்கு வருவோம். வடசென்னையின் வியாசர்பாடி கால்பந்துக்குப் பெயர் பெற்ற பகுதி. குடிசைகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த அங்கே, மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பிள்ளைகள் தேசிய அளவுக்கு உயர்ந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் தன்பால் கணேஷ். நடுக்கள ஆட்டக்காரரான இவர் 2017-18 பருவத்தில் சென்னையின் எஃப்.சி. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார். கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் கோலும் அடித்தார். இந்திய அணிக்கு நெடுங்காலம் ஆடுவார் என்று எல்லோரும் நம்பிய நேரத்தில் முழங்காலில் காயம் ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அடுத்த பருவம் முழுவதையும் அவர் இழந்தார். அதே வியாசர்பாடியில் இருந்து வந்த நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணியின் வெற்றிக் கோலை அடித்துக் கொல்கத்தா நகரையே அதிர வைத்தார். இருவரும் ஒரே மண்ணில் ஆடியவர்கள். திறமையில் குறைவு இருவருக்கும் இல்லை. இடையில் நின்றது ஒரு முழங்கால்.

முழங்காலின் அமைப்பை நாம் சற்று அறிந்துகொள்ளல் நலம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிணைத்து நிற்கும் ஒரு நார் உண்டு. பேச்சு வழக்கில் இதைச் சவ்வு என்கிறோம். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சட்டென்று திரும்பினால் அது அறுந்துவிடும். யாரும் மோத வேண்டியதில்லை. அறுந்ததைச் சீராக்கி மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதங்களோ ஓராண்டோ ஆகலாம். இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது என்று மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஆட்டத்திற்கு முன் 20 நிமிடம் முறையாக உடலைச் சூடேற்றுதல், ஒற்றைக்காலில் நின்று பழகுதல், குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி இறங்கப் பழகுதல் ஆகியவற்றால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம் என்றும் கண்டுள்ளனர். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சொல்லித்தர ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இதை எழுதும்போது நம் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2022 நவம்பரில் சென்னையில், கல்லூரியில் உடற்கல்வி பயின்ற 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் சவ்வுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் இறுக்கமாகப் போட்ட கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலையே எடுக்க நேர்ந்தது. சில நாள்களில் உயிரும் பிரிந்தது. நம்மைவிட இரண்டு வயதே மூத்த அந்த அக்காவைப் பற்றி, திறமையை வீணாக்கினார் என்று யாரேனும் கூற முடியுமா?

ஒரு நாடே புதைத்த கதை

இதுவரை தனி மனிதரைப் பார்த்தோம். நம் இந்திய நாட்டின் கால்பந்து வரலாறே நிறைவேறாத திறமையின் வரலாறு என்றால் மிகையாகாது.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி ஆடியது. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. நம்மவருள் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினர். பிரான்ஸ் அணிக்கு எதிராகக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. எனினும் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. தோற்றாலும், வெறுங்காலில் இத்தகைய ஆட்டமா என்று பார்த்தவர்கள் பாராட்டினர்.

1950-இல் பிரேசிலில் உலகக் கோப்பை நடந்தது. தகுதிச் சுற்றில் மற்ற ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் தானாகவே கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் பெயரும் இடப்பட்டது. ஆனால் நம் அணி கப்பல் ஏறவே இல்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி கிடைக்காததால் போகவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மை அதுவன்று. ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கோப்பை அத்துணை முக்கியமன்று என்று அன்றைய கால்பந்துச் சங்கத்தார் எண்ணினர். நெடுந்தொலைவுப் பயணமும் பயிற்சிக்குப் போதிய காலம் இன்மையும் சேர்ந்துகொண்டன. தலைமுறைக்கு ஒருமுறைகூட வராத வாய்ப்பு அவ்வாறு போயிற்று. 1948-இல் வெறுங்காலோடு பிரான்ஸை நடுங்கவைத்த அந்த இளைஞர்களுள் எவரும் அதன்பின் உலகக் கோப்பையில் ஆடவில்லை. இன்றுவரை நம் ஆடவர் அணி அக்கோப்பையின் இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை.

எனினும் நல்ல காலம் ஒன்று வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் 1950 முதல் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் வெறுங்காலோடு ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அத்தோல்வியே பாடமாயிற்று. அதன்பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது.

நான்கே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வீழ்த்தியது. பம்பாயின் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக் அதுவே. நான்காவது கோலைக் கிட்டு என்னும் கிருஷ்ணசாமி அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. அந்த அணியின் கோல்காப்பாளருள் ஒருவர் பீட்டர் தங்கராஜ். இவர் மதராஸ் ரெஜிமெண்ட் படைப்பிரிவில் சேர்ந்து ஆட்டத்தில் தேறியவர். முன்களத்தில் ஆடத் தொடங்கிப் பின்னர் கோல்காப்பாளராக மாறியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தஞ்சையின் சைமன் சுந்தரராஜ், பின்னாளில் பயிற்சியாளராகி 1973-இல் கேரளத்துக்கு முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்று கொடுத்தார். நம் மண்ணின் திறமை அண்டை மாநிலத்தில் கனி தந்தது.

1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா மீண்டும் ஆசியத் தங்கம் பெற்றது. தலையில் அடிபட்டுத் தையல் போட்ட நிலையில் பின்கள வீரர் ஜர்னைல் சிங் முன்களத்தில் ஆடிக் கோல் அடித்தார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அணியை நடத்திய ரஹீம் அவர்கள் 1963 ஜூனில் மறைந்தார். அவர் இடத்தை நிரப்ப எவரையும் ஆயத்தம் செய்யவில்லை. நாட்டில் நடந்த போட்டிகள் நெடுங்காலம் 70 நிமிட ஆட்டங்களாகவே இருந்தன. உலகமோ 90 நிமிடம் ஆடியது. சிறுவர்க்கான பயிற்சிக் கூடங்களைப் பிற நாடுகள் அமைத்தபோது நாம் பழம்பெருமை பேசிக்கொண்டிருந்தோம். 1960-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கால் பதிக்கவில்லை. 1962-க்குப் பிறகு ஆசியத் தங்கமும் இல்லை. இந்த அறுபது ஆண்டுகளில் நாட்டில் திறமையுள்ள பிள்ளைகளே பிறக்கவில்லை என்று நம்ப முடியுமா?

பெண்களின் கால்பந்து

நம்மை நேரடியாகத் தொடும் பகுதி இதுவே. இங்கே திறமை புதைந்தது தற்செயலாக அன்று. சில வேளைகளில் ஆணையிட்டே புதைத்தார்கள்.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் கால்பந்து ஆடத் தொடங்கினர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரில் டிக் கெர் என்னும் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, தன் உறுப்பு அணிகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று தடை விதித்தது. தடை 1971 வரை, அரை நூற்றாண்டு, நீடித்தது. அந்த ஐம்பது ஆண்டுகளில் ஆடாமலே போனவர்களின் பெயர்ப் பட்டியலை யாராலும் தயாரிக்க முடியாது. ஏனெனில் அவர்களுக்கே தம் திறமை தெரிந்திருக்காது.

நம் நாட்டில் தடை ஏதும் இல்லை. ஆயினும் நடந்தது என்ன? 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதி ஆட்டம் வரை சென்று தைவானிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 1981-இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அந்த அணியின் சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை ஆனார். ஆசியாவின் முதல் மூன்று அணிகளுள் ஒன்றாக இருந்த நம் பெண்களுக்கு அதன்பின் போதிய போட்டிகளும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஆதரவும் இல்லை. 1991-இல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை சீனாவில் நடந்தபோது இந்தியா அங்கு இல்லை. தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைவதற்கு 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று நம் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றனர்.

தமிழ்நாட்டுப் பெண்கள் இதில் பின்தங்கவில்லை. 2018-இல் பலம் வாய்ந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டத்தை முதன்முறையாகப் பெற்றனர். 2023-இல் அரியானாவை வென்று மீண்டும் பெற்றனர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடுபவராகவும், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் விளங்கியவர். 2020-இல் ஊரடங்கின்போது சென்னையில் காவல் பணியும் செய்தார். ஒரு நிலையான வேலை இருந்ததால் அவர் ஆட்டத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் வகுப்பையே பார்ப்போம். ஆறாம் வகுப்பில் கால்பந்து ஆட வந்தவர்கள் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்? பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்? பொதுத் தேர்வு நெருங்குகிறது என்று விளையாட்டுப் பாடவேளை கணக்குக்குப் போகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடுகிறது. "வயது வந்த பெண் வெயிலில் ஓடுவதா?" என்று பாட்டி கேட்கிறார். "பரீட்சை முடியட்டும், பிறகு ஆடலாம்" என்று அப்பா அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பதினைந்து வயதில் விட்ட பந்து பதினேழில் காலுக்கு வருவதில்லை. எங்கள் வகுப்பில் இடக்காலால் அடித்தால் பந்து வளைந்து கோலுக்குள் போகும்படி ஆடுகிற தோழி ஒருத்தி இருக்கிறாள். இவ்வாண்டு அவள் ஆடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, "நன்றாக ஆடினாள், வீணாக்கிவிட்டாள்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவள் ஆடினாள் என்பதே எவருக்கும் நினைவிருக்காது. அதுவே நம்மை வருத்துகிறது.

வாய்ப்பு என்னும் சொல்

கோடம்பாக்கத்தில் வாழும் நமக்கு "வாய்ப்பு" என்னும் சொல் புதிதன்று. பல ஆண்டுகளாக நடிக்கவும் பாடவும் எழுதவும் திறமை கொண்ட எத்தனையோ பேர் ஊரை விட்டு ரயிலேறி இங்கு வந்தனர். புகழ் பெற்றவர்களின் பெயர்களை நாடறியும். ஸ்டுடியோ வாசல்களில் நின்று, சிறு அறைகளில் தங்கி, பின்னர் வேறு வேலை தேடிப் போனவர்களின் பெயர்களை இத்தெருக்கள் மட்டுமே அறியும். அவர்கள் எல்லோரும் திறமை அற்றவர்கள் என்று நம் பகுதியில் எவரும் சொல்வதில்லை. "வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். நடிகருக்குச் சொல்லும் இந்த நியாயத்தைக் கால்பந்து ஆடும் பிள்ளைக்கும் சொல்லலாம் அன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. குறையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இடத்தைப் பழிக்கலாகாது என்பது அதன் கருத்து. உண்மையே. பெஸ்ட் அவர்களுக்குக் கூடம் கோணலாக இல்லை. ஆனால் சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கிறது. சில வேளைகளில் கூடமே இல்லை. திருவள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவரே இடனறிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். முதலையின் வலிமை நீரில்தான் என்று அதில் எடுத்துக்காட்டுகிறார். முயற்சியும் வேண்டும், முயல்வதற்கு இடமும் வேண்டும் என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள்.

தாலந்து உவமையிலும் நாம் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. தலைவர் மூன்றாம் பணியாளனைக் கடியும்போது, நீ வாணிகம் செய்யாவிட்டாலும் வட்டிக்காவது கொடுத்திருக்கலாமே என்கிறார். ஆக, தாலந்தை வாங்கிப் பெருக்கித் தரும் இடம் ஒன்று அவ்வூரில் இருந்தது. கால்பந்துக்கு அந்த இடம் எது? மைதானம், பயிற்சியாளர், நல்ல உணவு, காயத்தை அறிந்த மருத்துவர், நம்பி ஆடுவதற்கு ஒரு வேலை ஆகிய ஐந்துமே. சென்னையில் இந்தியன் வங்கி, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, காவல்துறை போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்து அணி நடத்தியதால்தான் பல ஏழைப் பிள்ளைகள் முப்பது வயது வரை ஆட முடிந்தது. இந்த ஐந்தும் உள்ள ஊரில் ஒருவர் தம் திறமையைப் புதைத்தால் அவரைக் கேட்கலாம். இல்லாத ஊரில் முதலில் ஊரைத்தான் கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நின்றால் கட்டுரையால் பயன் இல்லை. ஆகவே சிலவற்றை ஆசிரியைகள் முன்னும் பெற்றோர் முன்னும் பணிவோடு வைக்கிறோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பிலும் வாரத்திற்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள் நிலைத்திருக்க வேண்டும். எண்பது நிமிடம் ஓடுவதால் மதிப்பெண் குறைந்துவிடாது.

இரண்டாவது, ஆட்டத்திற்கு முன் 20 நிமிட உடற்சூடேற்றத்தை வழக்கமாக்க வேண்டும். அணித்தலைவியே இதை முன்நின்று நடத்தலாம்.

மூன்றாவது, காலில் அடிபட்டால் மறைக்கக்கூடாது. சுளுக்கு என்று நீவிவிட்டு மறுநாளே ஆடுவது பெருங்கேடு. வீங்கிய மூட்டை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். கட்டுப் போட்டபின் கால் மரத்தாலோ நிறம் மாறினாலோ வலி மிகுந்தாலோ உடனே சொல்ல வேண்டும். கேட்கும்வரை சொல்ல வேண்டும்.

நான்காவது, கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள ஒதுக்கீட்டைப் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆட்டம் படிப்புக்குப் பகை என்னும் அச்சம் பலருக்கு நீங்கும்.

ஐந்தாவது, நம் பள்ளிக்காக ஆடுபவர்களின் பெயர்களையும், அவர்கள் அடித்த கோல்களையும் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும். தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயர் பலகையில் இருப்பதுபோல, இவர்கள் பெயரும் எங்கேனும் இருக்கட்டும். யார் ஆடுவதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதும் அப்போது தெரியவரும்.

முடிவுரை

திறமை இருந்தும் உயராதவர்களை நான்கு வகையாகக் கண்டோம். தாமே கெடுத்துக்கொண்டவர் சிலர். அவசரத்தால் கெட்டவர் சிலர். காயத்தால் வீழ்ந்தவர் சிலர். களமே கிடைக்காதவர் மிகப் பலர். முதல் மூவகையினரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. நான்காம் வகையினருக்குப் பெயர் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

உவமையில் வரும் மூன்றாம் பணியாளன் சோம்பலால் மட்டும் புதைக்கவில்லை, அச்சத்தாலும் புதைத்தான். நம்மைச் சுற்றியும் அச்சங்கள் உண்டு. தேர்வைப் பற்றிய அச்சம், அயலார் பேச்சைப் பற்றிய அச்சம், அடிபடுமோ என்ற அச்சம். அவற்றை ஒவ்வொன்றாகக் களைவது நம் கடமையும் பெரியோர் கடமையும் ஆகும். எனவே அன்புத் தோழியரே, இனி யாரையேனும் "வீணாகிவிட்டாள்" என்று சொல்ல வாய் எடுக்கும்போது சற்று நிறுத்தி, "அவளுக்கு என்ன கொடுத்தோம்?" என்று கேட்போம். விடை தெரிந்தால், அடுத்தவளுக்கேனும் அதைக் கொடுப்போம். மண்ணில் புதைத்த பொன் மட்குவதில்லை. தோண்டி எடுக்கலாம். ஆனால் புதைத்த பதினைந்து வயதைத் தோண்டி எடுக்க இயலாது.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு